ஓட்டுக் கணக்கை ஸ்க்ரீன்ல போடுங்க

ஆசிரியருக்கு வணக்கம், டிவி பாட்டுப் போட்டிகள்ல ஓட்டு போடுற முறை பத்தி ஞாயித்துக்கிழமை வந்த கட்டுரை படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா இந்தியன் ஐடல் முதல் சீசன் பத்தி ஒரு வரி கூட இல்லயே. 2004 கடைசில சோனி டிவில ஆரம்பிச்சு 2005 மார்ச்ல அபிஜீத் சாவந்த் ஜெயிச்சார், அனு மாலிக், சோனு நிகம், ஃபரா கான்னு பெரிய ஜட்ஜுங்க இருந்தும் கடைசில முடிவு பண்ணது ஜனங்க ஓட்டுதான். அது நல்ல விஷயம்னுதான் இன்னைக்கும் நெனைக்கிறேன். ஆனா அப்ப நான் மும்பைல தங்கியிருந்த ஹாஸ்டல்ல காசு இருக்குற பையன் ஒரே நம்பர்லருந்து எஸ்எம்எஸ் அனுப்பிட்டே இருப்பான், பேலன்ஸ் இல்லாதவங்க சும்மா பாத்துட்டு இருப்பாங்க, இது பாட்டுக்கு விழுற ஓட்டா காசுக்கு விழுற ஓட்டா? ஒரு நம்பருக்கு ஒரு ஓட்டுன்னு வச்சு, யாருக்கு எவ்வளவுன்னு அந்தந்த வாரமே ஸ்க்ரீன்ல போட்டுடணும்.