சாப்ளினின் லண்டன் வருடங்கள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு மலரில் சார்லி சாப்ளின் பற்றி வந்த கட்டுரையை வேலை இடைவேளையில் வாசித்தேன். பிழைப்புத் தேடி அமெரிக்கா போன ஓர் ஏழைப் பையன், தொப்பியும் கைத்தடியும் கிடைத்த அன்றே நட்சத்திரமாகிவிட்டான் என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

நான் தென் லண்டனில் 159ஆம் இலக்கப் பேருந்து ஓட்டுகிறேன். பிரிக்ஸ்டன் சாலையில் கிளென்ஷா மேன்ஷன்ஸ் என்ற பழைய அடுக்குமாடி வீடுகளைத் தாண்டித்தான் தினமும் போகிறேன். 1908 முதல் 1910 வரை சாப்ளினும் அண்ணன் சிட்னியும் அங்கே 15ஆம் எண் வீட்டில் இருந்தார்கள். புகழ்பெற்றவர்கள் வாழ்ந்த வீடுகளின் சுவரில் பதிக்கும் நீலப் பலகையை 2017இல் அங்கேயும் பதித்தார்கள். சேமிப்பு நாற்பது பவுண்டையும் போட்டுப் பழைய தளவாடங்கள் வாங்கியதையும், வட ஆப்பிரிக்க மூர் பாணி மரத்தடுப்பு ஒன்றின் பின்னால் மஞ்சள் பல்பு எரியவிட்டதையும் சாப்ளின் தன் வரலாற்றில் ஆசையாகச் சொல்கிறார். பத்தொன்பது வயது. சம்பாத்தியம் உள்ள நடிகர் ஒருவர் பார்த்துப் பார்த்து அலங்கரித்த வீடு அது.

வறுமை பொய்யில்லை. கொஞ்ச தூரம் தள்ளி, கென்னிங்டனில், ஏழு வயதில் தாயோடு அவர் போய்ச் சேர்ந்த லாம்பெத் வறியோர் இல்லத்தின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. அதில் இப்போது சினிமா அருங்காட்சியகம் நடக்கிறது. ஆனால் உங்கள் கட்டுரை அந்த வாசலிலிருந்து நேரே ஹாலிவுட்டுக்குத் தாவிவிட்டது. நடுவே இருந்த உழைப்பு எங்கே?

பத்து வயதுக்குள்ளேயே மரக்கட்டைச் செருப்பு மாட்டி ஆடும் சிறுவர் குழுவில் சேர்ந்துவிட்டார். 1903இல், பதினான்கு வயதில், நாடகத்தில் வேடம் கிடைத்தது. வசனத்தாளைக் கையில் கொடுத்தபோது, இங்கேயே வாசித்துக் காட்டச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தாராம். அவருக்குச் சரியாக வாசிக்க வராது. வீட்டில் சிட்னி வாசித்துச் சொல்ல, மூன்றே நாளில் முப்பத்தைந்து பக்கத்தையும் மனப்பாடம் செய்துவிட்டார். வாரம் இரண்டரை பவுண்டு சம்பளம். பிறகு ஷெர்லாக் ஹோம்ஸ் நாடகத்தில் எடுபிடிப் பையன் பில்லியாக ஊர் ஊராகப் போனார்.

தோல்வியும் உண்டு. ஃபாரெஸ்டர்ஸ் அரங்கில் தனியாக நகைச்சுவை செய்ய ஏறிய இரவில் காசையும் ஆரஞ்சுத் தோலையும் எறிந்தார்கள். வேடத்தைக் கலைத்துவிட்டு வெளியேறியவர், விட்டுவந்த இசைத்தாள்களை எடுக்கக்கூடத் திரும்பிப் போகவில்லை. இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். இன்னும் இருபது வயதுகூட ஆகாத பையன்.

1908 பிப்ரவரியில் ஃபிரெட் கார்னோ என்பவரின் நகைச்சுவை நாடகக் குழுவில் சேர்ந்தார். கொலிசியம் அரங்கில் முதல் இரவு. சபைக்கு முதுகைக் காட்டியபடி மேடைக்கு வந்தார். உயரத் தொப்பி, நீளக் கோட்டு, கைத்தடி, பின்னாலிருந்து பார்த்தால் கனவான். மெதுவாகத் திரும்பினார்: சிவந்த மூக்கு! சபை சிரித்தது. முதுகு காட்டி வரும் யோசனை அவருடையதே. ஆசிரியர் அவர்களே, அந்தத் தொப்பியையும் தடியையும் கவனியுங்கள். படத்தில் தடி சுழற்றுவதற்கு ஆறு வருடம் முந்தைய கதை இது.

அமெரிக்கா போனதும் வேலை தேடியல்ல. கார்னோ குழுவின் நடிகராக 1910இல் கப்பலேறினார். பின்னாளில் லாரல்-ஹார்டி ஜோடியில் புகழ்பெற்ற ஸ்டேன் லாரலும் அதே கப்பலில் இருந்தார். குடித்துவிட்டு அரங்கில் ரகளை செய்யும் பணக்காரன் வேடம் சாப்ளினுக்கு. ஒரே வேடம், ஊருக்கு ஊர், திரும்பத் திரும்ப. எந்த அடியில் விழ வேண்டும், விழுந்தபின் எத்தனை நொடி பொறுத்துத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அப்படித்தான் உடம்பில் ஊறும். 1913இல் கீஸ்டோன் படக்கம்பெனி வாரம் 150 டாலருக்கு ஒப்பந்தம் போட்டது தேர்ந்த ஒரு மேடைக் கலைஞரோடுதான். அப்போது அவருக்கு 24 வயது; அதில் பதினான்கு வருடத்துக்கு மேல் மேடையோடு போயிருந்தது.

அடுத்த மலரில் இதைத் திருத்திப் போடுங்கள். நீலப் பலகையின் படம் என்னிடம் இருக்கிறது. ஒரு விடுமுறை நாளில் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று எடுத்தது. கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
பேருந்து ஓட்டுநர் ஒருவர்,
தென் லண்டன்