பிளான் ஏன் திரும்பி வருகிறது? – வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "விதிப்படி எல்லாம் சரியாக இருக்கிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், பிறகு எதற்குத் திருப்பி அனுப்புகிறார்கள்?" இந்தக் கேள்வி வராத வாரம் எங்கள் அலுவலகத்தில் இல்லை. ஒருவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் அழைத்துவிடுகிறார். அதனால் எழுதியே அனுப்புகிறோம்.

பெரிய கட்டடம் என்றால் பல நகரங்களில் இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். முதல் வாசலில் ஸ்கேல். உயரம், பக்க இடைவெளி, தளப்பரப்பு, வண்டி நிறுத்தம், தீயணைப்பு வண்டி வரும் வழி எல்லாம் அளந்து பார்ப்பார்கள். பொருந்தினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இரண்டாவது வாசல்தான் வடிவமைப்புப் பரிசீலனை. கட்டடக் கலைஞர்கள், தோட்ட வடிவமைப்பாளர்கள், சில ஊர்களில் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள்கூட ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இந்தக் கட்டடம் வந்தால் இந்தத் தெரு என்ன ஆகும் என்று கேட்பார்கள். அவர்கள் சொல்வது சில இடங்களில் ஆலோசனை மட்டுமே. சில இடங்களில் அவர்கள் தலையாட்டாமல் அனுமதி நகராது. தனி வீடுகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பாரம்பரியப் பகுதி என்றால் கதை வேறு. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரம் 1931இலேயே பழைய பகுதிக்கென்று தனி வாரியம் வைத்துவிட்டது. டெல்லிக்கான நகர்ப்புறக் கலை ஆணையத்துக்கு 1973இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டது.

ஸ்கேல் போதாதா என்றால், நிறைய வேலைக்குப் போதும். 1915இல் நியூயார்க்கில் ஈக்விடபிள் கட்டடம் நடைபாதை ஓரத்திலிருந்தே சுவர் மாதிரி சுமார் 40 மாடி எழும்பி, சுற்றியிருந்த தெருக்களை நிழலில் தள்ளியது. மறு வருடமே, மேலே போகப் போகக் கட்டடம் உள்வாங்க வேண்டும் என்று நகரம் விதி போட்டது. அங்கே பழைய கட்டடங்கள் படிப்படியாகக் குறுகி நிற்பதற்கு அதுதான் காரணம். நிழலை விதி பிடித்துவிட்டது. விதியில் எழுதாததை யார் பிடிப்பது?

குழு உட்கார்ந்தாலே பிடித்துவிடும் என்றும் சொல்ல மாட்டோம். லண்டனில் 20 ஃபென்சர்ச் தெருவில் ஒரு கோபுரம் இருக்கிறது. அதற்காக 2007இல் பொது விசாரணைகூட நடந்தது. பழைய நகரத்தின் வானத் தோற்றத்தை அது கெடுக்குமா என்றுதான் பெரும் வாதம். 2013இல் அதன் உள்வளைந்த கண்ணாடி முகப்பு வெயிலைக் குவித்து அடித்ததில், கீழே நிறுத்தியிருந்த காரின் பாகங்கள் உருகிவிட்டன. பிறகு முகப்பில் தடுப்புப் பட்டைகள் வைத்தார்கள். அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், வம்பு தரையில் வந்து விழுந்தது.

அதனால்தான் சொல்கிறோம், நல்ல குழு மொட்டை மாடியை விடத் தரைத்தளத்தைத்தான் அதிக நேரம் பார்க்கும். நடந்து போகிறவர் கண்ணுக்கு எட்டுவது அந்த ஒரு தளம்தான். அங்கே ஜன்னலே இல்லாத நீளச் சுவரா, பார்க்கிங் சரிவின் வாயா, மீட்டர் அறைக் கதவா, டிரான்ஸ்பார்மரா, இல்லை ஆட்கள் நுழையும் வாசலா? உட்காரத் திண்ணை மாதிரி ஏதாவது உண்டா? மழை பெய்தால் ஒதுங்க இடம் இருக்கிறதா?

இதை நாங்கள் பட்டுத்தான் கற்றோம். ஒருமுறை ஐந்து மாடிக் கடைக் கட்டடம் ஒன்றுக்கு, அந்தி வெளிச்சத்தில் கண்ணாடி மினுமினுக்கும் பெரிய படம் ஒன்றைத் தயார் செய்துகொண்டு போனோம். குழுவில் ஓர் அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரைத்தள வரைபடத்தை விரித்து, பென்சில் முனையால் தெருவோரத்தை ஒருமுறை தடவிவிட்டு, "குப்பை வண்டி எங்கே நிற்கும்?" என்றார். நாங்கள் தாள்களைப் புரட்டினோம். எங்குமே இல்லை. இடம் தேடினால், முகப்பு வாசலுக்குப் பக்கத்தில்தான் மிச்சமிருந்தது. மாடிப்படி, லிப்ட், தூண்கள் எல்லாவற்றையும் நகர்த்தி மறுபடி வரைந்தோம். தாமதத்துக்குக் குழு காரணமில்லை. தவறு முழுக்க எங்களுடையது.

அதிலிருந்து எங்கள் முறையை மாற்றிக்கொண்டோம். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 1994இல் தொடங்கிய பரிசீலனையில் முதல் கூட்டம் ஜன்னல், டைல்ஸ், நிறம் எதுவும் முடிவாகும் முன்பே நடந்து வந்தது. கட்டடத்தின் மொத்த உருவத்தை மூன்று விதமாக வரைந்து கொண்டுபோக வேண்டியிருந்தது. அதில் ஒன்றாவது விலக்கு எதுவும் கேட்காமல் விதிக்குள் நிற்க வேண்டியிருந்தது. கேட்காத ஊரிலும் இப்போது நாங்கள் மூன்று வரைகிறோம். ஒன்று நமக்குப் பிடித்தது, மற்ற இரண்டும் கணக்குக்கு என்று போனால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அட்டை மாடலாக இருக்கும்போது ஒரு மூலையை வெட்டுவது அரை மணி வேலை. தூண் கணக்கு முடிந்த பிறகு அதே மூலை இரண்டு மாதம்.

குழு சொன்னதெல்லாம் வேதவாக்கா என்று கேட்கிறீர்கள். இல்லை. "பருமனை உடையுங்கள்", அதாவது ஒரே பெரும் பெட்டியாகத் தெரியாமல் பிரித்துக் காட்டுங்கள் என்று எங்கே போனாலும் சொல்லிச் சொல்லி, ஒரே முகப்பில் செங்கல், மரப்பட்டை, உலோகத் தகடு, சாம்பல் பூச்சு என்று ஒட்டுப்போட்ட கட்டடங்கள் பெருகிவிட்டன. அது எங்களுக்குப் பிடிக்கவில்லை. உறுப்பினரின் சொந்த ரசனை பேசும்போது, எழுதிவைத்த வழிகாட்டியில் எந்தப் பிரிவின்படி என்று மரியாதையாகக் கேட்போம். எழுத்தில் இருந்தால் மாற்றுவோம். இல்லையென்றால் எங்கள் காரணத்தைச் சொல்லி நிற்போம்.

எழுத்தில் இருப்பதை மனை வாங்கும் முன்பே படித்துவிடலாம் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். சான்பிரான்சிஸ்கோவில் பூங்காக்கள் மேல் நிழல் விழுவதற்கு 1984 முதல் கட்டுப்பாடு உண்டு. வான்கூவரில் மலைத் தோற்றம் மறையாதபடி 1989இல் பார்வைக் கோடுகளையே வகுத்துவிட்டார்கள். இப்படி ஒரு கோடு உங்கள் மனைக்கு மேலே போனால், எத்தனை மாடி என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள். பத்திரம் முடிக்கும் முன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். மனையை மட்டும் படமெடுக்காமல் இரண்டு பக்கத்து வீடுகள், எதிர்ச்சாரி, மரம், விளக்குக் கம்பம் எல்லாம் விழும்படி எடுத்து அனுப்புங்கள். முதல் கூட்டத்துக்கு நீங்களும் கூட வாருங்கள். பேச வேண்டியதில்லை, குப்பை வண்டிக் கேள்வி வந்தால் நாங்கள் பதில் சொல்லிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வரைபட அலுவலகத்தார்