காய்க்கு லேப் இருக்கிறது, காய் எடுக்கிற ஆளுக்கு?

பெறுநர்: இந்திய நறுமணப் பொருள் வாரியம், கொச்சி, மாவட்ட ஆட்சியர்கள், தேனி மற்றும் இடுக்கி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். விடியுமுன் ஜீப் ஏறி போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய்வரும் தேனி மாவட்டத் தொழிலாளர்களைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ஜீப்பில் எத்தனை பேரை அடைக்கிறார்கள் என்று அவ்வப்போது சாலையில் நிறுத்தி எண்ணுகிறார்கள். அவர்கள் உடம்பில் எவ்வளவு பூச்சிமருந்து ஏறியிருக்கிறது என்று பார்க்கத்தான் ஆளில்லை.

2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயச விற்பனையைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியது நினைவிருக்கும். அதில் சேர்த்த ஏலக்காயில் 14 பூச்சிக்கொல்லிகளின் எச்சம் அளவுக்கு மேல் இருப்பதாக ஆய்வறிக்கை வந்திருந்தது. ஆறரை லட்சம் டின்னுக்கு மேல் முடங்கியது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அது வேறு விவகாரம். ஒரு டின் பாயசத்தில் சேருவது ஒரு சிட்டிகை ஏலப்பொடி. அதற்கே இத்தனை பதற்றம் என்றால், அந்தக் காயை நாள் முழுக்க வெறும் விரலால் கிள்ளி எடுப்பவர்களைப் பற்றி வழக்கிலோ விவாதத்திலோ ஏன் பேச்சே எழவில்லை?

ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளரும். ஆனால் காய் இருப்பது மேலே அல்ல, தூரிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டி நீளும் சரத்தில். த்ரிப்ஸ் என்ற சிறு பூச்சியும் தண்டுத் துளைப்பானும் தாக்குவதால் மருந்தைத் தூர், சரம், இலை என்று எல்லா இடத்திலும் நனைய அடிக்கிறார்கள். 200 லிட்டர் டிரம், மோட்டார், நீள ஹோஸ். குயினால்பாஸ் 25% மருந்தை லிட்டருக்கு 2 மில்லி என்று கலந்தால் டிரம்முக்கு 400 மில்லி போதும். நடப்பில் அதோடு இன்னொரு பூச்சிமருந்து, ஒரு பூஞ்சாண மருந்து, இலையில் ஒட்டி நிற்க ஒட்டுத் திரவம் எல்லாம் ஒரே டிரம்மில் விழும். நிழலும் ஈரமும் உள்ள காடு, காற்றோட்டம் குறைவு, வெயில் தரைக்கு இறங்காது. அடித்தது சீக்கிரம் காயாது.

அடுத்த நாளே காய் எடுக்கப் பெண்களை அதே பாத்தியில் இறக்கிவிட்டால் என்ன ஆகும்? குனிந்து தூருக்குள் தலையை நுழைத்தால்தான் சரம் கைக்கு எட்டும். மேலே இலையில் தங்கிய மருந்துத் தண்ணீர் தலையிலும் நெற்றியிலும் சொட்டும். பாராத்தியான் என்ற பூச்சிமருந்தைக் கொண்டு மனிதத் தோலில் நடத்திய பழைய ஆய்வில், முன்கையில் பட்டதில் ஏறக்குறைய 9% உள்ளே போனது. உச்சந்தலையில் 32%, நெற்றியில் 36%. தலையில் கட்டிய துண்டும் சேலைக்கு மேல் போட்ட பழைய முழுக்கைச் சட்டையும் நனையாதவரைதான் காப்பு. நனைந்துவிட்டால் அதே துணி மருந்தை மாலைவரை தோலோடு வைத்து அழுத்தும்.

அமெரிக்காவில் மருந்தடித்த வயலுக்குள் ஆள் நுழைய, நஞ்சின் கடுமையைப் பொறுத்து 12, 24, 48 மணி நேரம் என்று லேபிளிலேயே தடை இருக்கிறது. நம் லேபிளில் இருப்பது மருந்தடித்து எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்ற காத்திருப்புக் கணக்கு. அது சாப்பிடுகிறவருக்காக. பறிக்கிறவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ், புரொபனோபாஸ் எல்லாம் ஆர்கனோ பாஸ்பரஸ் வகை. நரம்புக்குத் தேவையான கோலினெஸ்டரேஸ் என்சைமை முடக்கும். எச்சில் ஊறும், கண்ணில் நீர் வழியும், வியர்க்கும், குமட்டும், வயிறு போகும். முற்றினால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, தசை துடித்து, மூச்சு முட்டும். லேசான நிலையில் இது எதுவும் விஷம் என்று யாருக்கும் தோன்றாது. மெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் இறங்கும்போது ஒருவர் வாந்தி எடுத்தால், வளைவின் மேல் பழி போகும், இல்லையென்றால் பித்தம். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துவிட்டு மறுநாள் மறுபடி மலையேறுவார்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது இரத்தப் பரிசோதனை. ஒன்றுக்கு மேற்பட்ட முறை. காரணம், கோலினெஸ்டரேஸின் 'சரியான அளவு' ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். இயல்பிலேயே அளவு கூடுதலாக உள்ளவர் மூன்றில் ஒரு பங்கை இழந்த பிறகும் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்றே வரலாம். எனவே காய் எடுப்பு ஓய்ந்து, குறைந்தது 30 நாள் மருந்துப் பக்கமே போகாமல் இருந்தபின் ஒரு அடிப்படை அளவு எடுக்க வேண்டும். பிறகு சீசனில் மாதம் ஒருமுறை, அதே லேபில், அதே முறையில். பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி) சோதனை மட்டும் போதாது. அது ஈரல் கோளாறிலும் குறையும்; பாதிப்பு விலகினால் சில வாரத்தில் ஏறிவிடும். சிவப்பணுச் சோதனையும் சேர வேண்டும். கலிபோர்னியாவில் அடிப்படை அளவிலிருந்து 20% குறைந்தால் வேலைமுறையை ஆராய்கிறார்கள். சிவப்பணு அளவு 30% குறைந்தால் மருந்து வேலையிலிருந்தே ஆளை விலக்கி, 80 சதவீதத்துக்குத் திரும்பிய பிறகுதான் சேர்க்கிறார்கள். சிவப்பணு அளவு நாளைக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் மீளும். அத்தனை நாள் கூலியை யார் தருவது என்பதையும் நீங்களே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஊசி குத்திக்கொள்ள ஒருவரும் கை நீட்ட மாட்டார்கள். பைரித்ராய்டு, நியோநிகோட்டினாய்டு வகைப் பூச்சிமருந்துகள் இந்தச் சோதனையில் அகப்படாது என்பதும் தெரியும். அகப்படுவதையாவது பார்ப்போம்.

இது புதுக் கோரிக்கையும் இல்லை. 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் 37ஆவது விதி, மருந்து தெளிக்கும் ஆட்களை வேலைக்கு எடுக்குமுன் மருத்துவரிடம் காட்டவும், ஆர்கனோ பாஸ்பரஸ், கார்பமேட் வகைகளில் வேலை செய்வோருக்கு மாதந்தோறும் கோலினெஸ்டரேஸ் அளவு பார்க்கவும், பதிவேடு வைக்கவும் சொல்கிறது. அரை நூற்றாண்டாகிறது. காய் எடுக்கும் பெண்கள் 'தெளிப்பவர்' கணக்கில் வரமாட்டார்கள் என்று யாராவது வாதாடலாம். தெளித்தவர் தலையில் சொட்டாதது இவர்கள் தலையில் சொட்டுகிறது என்பதைக் கனிவுடன் நினைவூட்டுகிறோம்.

வாரியத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1986ஆம் ஆண்டின் நறுமணப் பொருள் வாரியச் சட்டம் ஏலக்காய் தொடர்பாக உங்களிடம் ஒப்படைத்த பணிகளில், தொழிலாளர்களின் வேலைச்சூழலை மேம்படுத்துவதும் ஒன்று. ஏற்றுமதிக் காயில் எச்சம் பார்க்க ஆய்வகம் வைத்திருக்கிறீர்கள். போடியிலும் புற்றடியிலும் காயை ஏலம் விடும் மையம் நடக்கிறது. மயிலாடும்பாறையில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காயின் உடம்புக்கு இவ்வளவு கவனிப்பு! பயிற்சி முகாம்களில் கண்ணாடி, முகமூடி, ரப்பர் கையுறை மாட்டிய ஒருவரை நிறுத்திப் படமெடுப்பதும் குறைவின்றி நடக்கிறது. அந்த ரப்பர் கையுறையோடு சரத்திலிருந்து விளைந்த காயை மட்டும் கிள்ளிக் காட்டச் சொன்னால் முகாம் முடிந்துவிடும்.

தடைச் சட்டத்தின் லட்சணமும் தெரிந்ததுதான். 2011இல் கேரளம் மோனோகுரோட்டோபாஸ், போரேட், கார்போபியூரான் உள்ளிட்டவற்றைத் தடை செய்தது. மலைக்கு இந்தப் பக்கம் அதே மருந்துகள் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் சட்டப்படியே விற்றன. ஆள் போகிற பாதையில் மருந்து போகாது என்று அப்போது நம்பியிருப்பார்கள்போல.

வீட்டுக்கு வருவோம். மருந்து ஊறிய சட்டையோடுதான் ஜீப்பில் நெருக்கியடித்து இறங்குகிறார்கள். அந்தச் சட்டையோடுதான் பிள்ளையைத் தூக்குகிறார்கள். வேலைத்துணியைத் தனியாக, சோப்புத்தூள் போட்டு இருமுறை அலசி வெயிலில் காயவைக்க வேண்டும் என்று சொல்வது எளிது; தண்ணீர் வேண்டுமே. தோட்டத்திலேயே கை, முகம் கழுவத் தண்ணீரும் சோப்பும், சட்டை மாற்ற ஒரு மறைவும் இருந்தால் வீட்டுக்கு வருவதில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். தோட்டத்து லயங்களில் (வரிசை வீடுகளில்) குடும்பத்தோடு தங்கியிருக்கும் வடமாநிலத்தாருக்கு இது இன்னும் மோசம். மருந்துக் கேன் அங்கே தண்ணீர்க் கேனாகிறது. கேனை மும்முறை அலசி, அந்தத் தண்ணீரை டிரம்மிலேயே ஊற்றி, அடியில் ஓட்டை போட்டுவிட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

எனவே பணிவுடன் கேட்கிறோம். வரும் சீசனுக்கு முன் போடி, கம்பம், உத்தமபாளையம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மலைமேல் உள்ள நிலையங்களிலும் தெளிப்பவர், காய் எடுப்பவர் இருவருக்கும் அடிப்படை இரத்தப் பரிசோதனை தொடங்குங்கள்; சீசனில் மாதந்தோறும் தொடருங்கள். ஒரே அட்டை, இரு மாநிலத்திலும் செல்லட்டும். பாத்தி வாசலில் மருந்தின் பெயர், அடித்த நாள், ஆள் இறங்கலாம் என்ற நாள் மூன்றையும் தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் எழுதிய பலகை நட உத்தரவிடுங்கள். மயங்கி விழுந்தவரைத் தூக்கி வரும்போது மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி 'என்ன மருந்து' என்பதுதான். முறிவு மருந்தாக அட்ரோபின் மட்டும் போடுவதா, பிராலிடாக்சைமும் சேர்ப்பதா என்று அவர் முடிவெடுக்க அந்தப் பலகையின் ஒரு போட்டோ போதும்.

பலகைக்கு மரமும் பெயின்டும்தான் செலவு. இரத்தப் பரிசோதனைக்கு மட்டும் உங்கள் கையெழுத்து வேண்டும்.

இப்படிக்கு,
ஏலத்தோட்டத் தொழிலாளர் நலனில் அக்கறை உள்ளோர்,
தேனி மாவட்டம்.