உன் நீல இழைப்புளி பத்தி ஒரு விஷயம் சொல்லணும்

மாப்ள,

எப்டி கீற? தங்கச்சி, பசங்க எல்லாம் சௌக்கியமா? இங்க எல்லாரும் நல்லா கீறோம், அம்மாவுக்குத்தான் முட்டி வலி, மாசம் ஒரு தபா சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கினு போறேன். 8 மாசமா உன் போன எடுக்கல, வாட்ஸ்அப்ல பாத்துட்டு பதிலும் போடல, நீ குள்ளன் கிட்ட பொலம்புனது வரைக்கும் என் காதுக்கு வந்துச்சு. காரணம் கீது. போன்ல சொல்ல வாய் வரல, அதான் எழுதறேன். முழுசா படிச்சுட்டு அப்பால திட்டு.

உன் அஞ்சாம் நம்பர் இழைப்புளி உடைஞ்சு போச்சு.

வாலாஜாவுல ஒரு பழைய வீட்டு வேலை, பர்மா தேக்குல ரெட்டைக் கதவு, கார்த்திகை மழையில ஊறிப்போய் மூட முடியல. அந்த மரத்துக்கு எலக்ட்ரிக் பிளேனர் வெக்க எனக்கு மனசு வரல, நாரு எதிர்த்துக்கினு இருந்த எடத்துல எல்லாம் பேத்து எடுத்துடும். உன் இழைப்புளிய எடுத்துக்கினு போனேன். மத்தியானம் டீ குடிக்கப் போறப்ப புதுப் பையன் கையில குடுத்துட்டு எறங்கினேன். அவன் சாரத்துப் பலகை ஓரத்துல வெச்சிருக்கான், கீழ கருங்கல் படி. சத்தம் கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வெட்டுற நாக்கு வெளிய எட்டிப்பாக்கிற வாய் மூலையில ஆரம்பிச்சு பக்கச் சுவர்ல பாதி வரைக்கும் கீறல். பையன அடிக்கல மாப்ள, குடுத்தது நானு. அவன் ரெண்டு நாள் வேலைக்கே வரல, நான்தான் போய் கூட்டியாந்தேன்.

மேஸ்திரி அத உன்கிட்ட குடுத்த அன்னிக்கு எனக்கு எப்டி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது, இப்ப சொல்றேன். நாம ரெண்டு பேரும் அவருகிட்ட ஒரே வருசம்தான் வேலைக்குச் சேந்தோம், நான்தான் மூட்டுக்குக் கழுந்து நல்லா வெட்டுவேன்னு அவரே சொல்லுவாரு, ஆனா காட்பாடி மிஷன் இண்டஸ்ட்ரியல் ஸ்கூல்ல படிச்ச காலத்துலருந்து வெச்சிருந்த சாமான உன் கையில குடுத்தாரு. நான் ரெண்டு நாள் சரியா சாப்பிடல. அப்புறம் உன் கூட நின்னு வேலை செய்யறப்ப புரிஞ்சுது, நீ நாக்கு தீட்டற மாதிரி எனக்கு வராது. நீ 2009ல மஸ்கட் போறப்ப காட்பாடி ஸ்டேஷன்ல லுங்கியில சுத்தி அத என் கையில குடுத்த பாரு, அன்னிக்கு என் நெஞ்சுல இருந்தது எல்லாம் கரைஞ்சு போச்சு. அத நான் இப்டி பண்ணிட்டேன்.

மொதல்ல அவசரப்பட்டு இங்க பக்கத்துல ஒரு வெல்டிங் கடைக்குத் தூக்கிக்கினு ஓடினேன். அவரு இரும்பு கேட்டுக்கு வெக்கிற சாதா ராட வெச்சு சர்ருன்னு ஒரே இழுப்பா இழுத்துட்டாரு. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆறிக்கினு வரும்போது டிக்குன்னு ஒரு சத்தம், ஒட்டுன எடத்துக்குப் பக்கத்துலயே புதுசா இன்னொரு விரிசல். அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல. வேற பாடி கெடைக்குமான்னு தேட ஆரம்பிச்சேன், அப்பதான் இத்தனை வருசம் கையில வெச்சிருந்த சாமானப் பத்தி ஒண்ணுமே தெரியாம இருந்திருக்கோமேன்னு தோணுச்சு. இத செஞ்ச இங்கிலாந்து ஷெஃபீல்டு ரெக்கார்டு கம்பெனிக்காரன் 1931ல இழைப்புளி போட ஆரம்பிச்சிருக்கான், ஆனா அந்த அமைப்பு அவனுது இல்ல, அமெரிக்காவுல பெய்லின்னு ஒருத்தரு கண்டுபுடிச்சது, 1869லயே ஸ்டான்லி கம்பெனிக்காரன் அந்த உரிமைய வாங்கிட்டான். நாக்க ஏத்தி எறக்க பின்னாடி திருவுற பித்தளை ஸ்க்ரூ எல்லாம் அந்த ஆளோட மூளை. பாடி கெடைக்கல. கெடைச்சிருந்தாலும் அது மேஸ்திரியோடது ஆயிடுமா, சொல்லு?

அப்பால ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு பெரியவர் கீறாருன்னு கேள்விப்பட்டுப் போனேன். பம்பு கேசிங், லேத்து பெட்டுன்னு வார்ப்பிரும்பு மட்டும்தான் ஒட்டுவாரு. கையில வாங்கிப் பாத்துட்டு, யார்யா இதுல சாதா ராடு வெச்சதுன்னு கத்துனாரு. வார்ப்பிரும்புல கரி ஜாஸ்தியாம், கிராஃபைட்டு செதில் செதிலா உள்ள இருக்குமாம், அதனாலதான் அடிபட்டா வளையாம உடையுது, வேகமா ஆறுனா கண்ணாடி மாதிரி ஆயிடுது. ஆனா அதே கிராஃபைட்டுதான்டா மாப்ள அதிர்வ முழுங்குது, முடிச்சு மேல போறப்ப கூட தடதடன்னு ஆடாம கப்பல் மாதிரி போச்சே, அது இதனாலதான்.

பெரியவர் பழைய ஒட்ட முழுசா அரைச்சு எடுத்தாரு. விரிசல் மேற்கொண்டு ஓடாம இருக்க ரெண்டு விரிசலோட முனையிலயும் சின்னதா ஓட்டை போட்டாரு. கரி அடுப்புல பாடி முழுக்க சூடு ஏத்தி, நிக்கல் ராடு வெச்சு அரை இஞ்ச் ஒட்டுவாரு, உடனே சின்ன சுத்தியால தட்டுவாரு, கொஞ்சம் நிறுத்துவாரு, மறுபடி அரை இஞ்ச். முடிச்சதும் சுண்ணாம்புத் தூளுக்குள்ள புதைச்சு நாளைக்கு வாய்யான்னு அனுப்பிட்டாரு. நான் வீட்டுக்குப் போகல, அங்கயே பெஞ்சுல படுத்துக்கினேன். காலையில வெளிய எடுத்து விரலால சுண்டிப் பாத்தாரு, ணங்குன்னு சுத்தமா கேட்டுச்சு. 1,200 ரூபா குடுத்தேன், எண்ணிக்கூட பாக்கல அந்த மனுசன்.

அடிப்பக்கம் கோணிக்கினு இருந்துச்சு, அது எதிர்பாத்ததுதான். 12 மில்லி கண்ணாடி மேல எமரி பேப்பர் ஒட்டி ஒரு வாரம் தேய்ச்சேன். நாக்கு, மூடி எல்லாம் மாட்டி இறுக்கிட்டு, நாக்க மட்டும் உள்ள இழுத்து வெச்சுட்டுத்தான் தேய்க்கணும், இல்லன்னா மாட்டுனப்புறம் மறுபடி வளையும். பெரியவ ஒன்பதாவது படிக்கிறா இல்ல, அவதான் தினம் ஸ்கூல் விட்டு வந்து அடியில பென்சில்ல கோடு போடுவா, எந்தக் கோடு அழியல, எங்க பள்ளம்னு சொல்லுவா. 80 நம்பர் பேப்பர்ல ஆரம்பிச்சு 220ல முடிச்சோம். வாய்க்கு முன்னாடி இருந்த கடைசிக் கோடு அழிஞ்சப்ப அப்பான்னு கத்தினா பாரு, தெருவே கேட்டிருக்கும். அவளுக்கு இதுல கை இருக்கு மாப்ள, நெஜமா சொல்றேன், பட்டறையில இருக்கிற மூணு பசங்களுக்கும் இல்லாத பொறுமை. இவனுங்களுக்கு கம்ப்யூட்டர்ல ஓடுற சி.என்.சி. மிஷின்ல பூ போடத் தெரியுது, ஒரு உளிய 25 டிகிரி சாணை புடிச்சு 30ல தீட்டத் தெரியல, சாணையில நீலம் பாயற வரைக்கும் புடிக்கிறானுங்க, சூட்டுல பதம் போயிடும்டான்னு சொன்னா புது உளி வாங்கிக்கலாம்ணேன்றானுங்க. எனக்கு அப்ப வர்ற வேதனை உனக்குத்தான் புரியும். நீயே அங்க பார்ட்டிகிள் போர்டுக்கு எட்ஜ் பேண்டு ஒட்டிக்கினுதான் கீற, இருந்தாலும் உனக்குப் புரியும்.

போன வாரம் அதே கதவ முடிச்சுக் குடுத்தேன். கோடு மாதிரி ஒட்டு தெரியுது, மறைக்கல, பெயிண்டு அடிக்கல. சீவல் ஒரு முழம் நீளத்துக்கு அறுபடாம வந்துச்சு, பேப்பர விட மெல்லிசு.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. இழைப்புளி குடுப்பேன், நாக்கு குடுக்க மாட்டேன்னு சொல்லிக்கினே இருப்ப இல்ல, அத நான் மறக்கல. நீ போனதுலருந்து என்னோட 2 இஞ்ச் நாக்கத்தான் மாட்டி ஓட்டிக்கினு வரேன். அன்னிக்கு விழுந்தப்பவும் அதுல இருந்தது என்னுதுதான், முனை போச்சு, போவட்டும். உன்னுது எண்ணெய்த் துணியில சுத்தி பீரோவுல கீது, 2009ல நீ தீட்டுன மாதிரியே, நான் கல்லுல வெக்கவே இல்ல. ஆயுத பூஜைக்கு மட்டும் எடுத்துத் தொடைச்சு வெப்பேன்.

பொங்கலுக்கு லீவு கெடைக்குமா, சொல்லு. வந்தா நீயே மாட்டிக்கோ.

மச்சான்