மாட வீதி திருவிழா சீசனுக்கு டாய்லெட், தண்ணி, நடக்க வழி கேட்டு மனு

பெறுநர்: மண்டல அலுவலர் அவர்கள், தேனாம்பேட்டை மண்டலம், பெருநகர சென்னை மாநகராட்சி

அனுப்புநர்: மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலை சுத்தி இருக்கற நாலு மாட வீதியிலயும் பக்கத்து தெருக்கள்லயும் குடியிருக்கறவங்க, கடை போடறவங்க

பொருள்: நவராத்திரியிலேர்ந்து பங்குனி வரைக்கும் வர்ற கலை நிகழ்ச்சி, கோயில் விழா கூட்டத்துக்கு அடிப்படை வசதி செஞ்சு தர கேட்டு

ஐயா / அம்மா, வணக்கம்.

மனுன்னா மேற்படி, தாழ்மையுடன் எல்லாம் போட்டு எழுதணும்னு சொன்னாங்க, எங்களுக்கு அது வரல, பேசற மாதிரியே எழுதியிருக்கோம், விஷயம் புரிஞ்சா சரி.

முதல்லயே சொல்லிடறோம், விழா நடத்த காசு குடுங்கன்னு நாங்க கேக்கல. பாட்டு, கூத்து, கோலம், பஜனை, அன்னதானம் எல்லாத்தையும் இங்க ஜனங்களே கைக்காசு போட்டு பார்த்துக்கறாங்க, இன்னிக்கு நேத்து இல்ல, 1300 வருஷத்துக்கு முன்னாடியே திருஞானசம்பந்தர் இந்த ஊர் விழாவை மாசவாரியா பாடி வச்சிருக்காரு, ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசி கடலாட்டு, பங்குனி உத்திரம்னு. ஆனா வர்ற கூட்டம் எங்க ஒண்ணுக்கு போகும், எங்க தண்ணி குடிக்கும், எந்த பக்கமா நடக்கும்ங்கறது ஜனங்க கையில இல்ல, உங்க கையில இருக்கு. அதுக்குத்தான் இந்த மனு.

சீசன் எப்படி வருதுன்னு ஒரு தடவை சொல்றோம், உங்க சீட்டுக்கு புதுசா வந்திருந்தா உதவியா இருக்கும். புரட்டாசி பொறந்தா வடக்கு மாட வீதியில கொலு பொம்மை கடை. காஞ்சிபுரம், பண்ருட்டின்னு வெளியூர்லேர்ந்து பொம்மை மூட்டையோட வர்றவங்க நாள் கணக்கா அங்கயே தங்கி, பொம்மைக்கு காவலா பிளாட்ஃபாரத்துலயே படுத்துக்கறாங்க, குடும்பத்தோட வர்றவங்களும் உண்டு. மழை வந்தா காகிதக்கூழ் பொம்மை போச்சு, அதனால தார்ப்பாய் போட்டு மூடிட்டு இவங்க நனையறாங்க. மார்கழியில சபா கச்சேரி, அது உள்ளுக்குள்ள நடக்கறது, ஹாலுக்கு ஹால் டாய்லெட்டும் கேன்டீனும் இருக்கு, அதனால அதைப்பத்தி எங்களுக்கு கேள்வி இல்ல. விடியக்காலம் மாட வீதி சுத்தற பஜனை கோஷ்டிக்கு மட்டும் ஒண்ணு வேணும், அவங்க சுத்தி முடிக்கற வரைக்கும் தெரு லைட்டை அணைக்காதீங்க, வயசானவங்க பாதிப்பேர், மெட்ரோ வேலைக்காக ரோடு சில இடத்துல மேடும் பள்ளமுமா கெடக்கு. ஜனவரி ஆரம்பத்துல மயிலாப்பூர் திருவிழா, தையில பூசத்தை ஒட்டி மூணு நாள் தெப்பம், மாசியில சிவராத்திரிக்கு ராத்திரி பூரா நிகழ்ச்சி, அப்புறம் பங்குனி பெருவிழா பத்து நாள்.

இதுல ரெண்டு இடத்தை மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றோம்.

ஒண்ணு ஜனவரி மயிலாப்பூர் திருவிழாவுல நடக்கற கோலப்போட்டி. வடக்கு மாட வீதியில மத்தியானம் ரோட்டை மறிச்சு வரிசையா கட்டம் போட்டு குடுப்பாங்க, காலேஜ் பொண்ணுலேர்ந்து பாட்டி வரைக்கும் உக்காந்து புள்ளி வெச்சு சிக்குக்கோலம் போடுவாங்க, பார்க்கவே அவ்வளவு அழகா இருக்கும், வெளிநாட்டுக்காரங்க கேமராவோட நிப்பாங்க, மறுநாள் பேப்பர்ல போட்டோ வரும். அந்த போட்டோவுல இருக்கற பொம்பளைங்கள்ல எத்தனை பேர் காலையிலேர்ந்து தண்ணி குடிக்காம வந்திருக்காங்கன்னு யாருக்கும் தெரியாது. குடிச்சா போகணும், போக இடம் இல்ல. இங்க வீடு இருக்கறவங்க சமாளிச்சுக்குவாங்க, அம்பத்தூர்லேர்ந்தோ தாம்பரத்துலேர்ந்தோ வர்றவங்க என்ன பண்ணுவாங்க, ஹோட்டல்ல போய் வேணாத காபி ஒண்ணு வாங்கிட்டு கேக்கணும், அதுவும் அவங்க நல்ல மூட்ல இருந்தா.

ரெண்டாவது அறுபத்துமூவர், அதாவது 63 நாயன்மாருங்க வீதி உலா. பங்குனி பெருவிழாவுல ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் மத்தியானத்துக்கு மேல அறுபத்துமூவர் புறப்பாடு. அன்னிக்கு மாட வீதியில நீங்க நடக்கவே வேணாம், கூட்டமே தூக்கிட்டு போயிடும். பங்குனி வெயில், தெருவுக்கு தெரு தண்ணிப்பந்தல், நீர்மோர், பானகம், ரோஸ்மில்க்கு, புளியோதரை தொன்னை, கையில திணிச்சு திணிச்சு குடுப்பாங்க. ஆம்பளைங்க வாங்கி வாங்கி குடிக்கறாங்க, பின்னாடி ஏதாவது சந்துக்குள்ள ஒதுங்கிடறாங்க, அந்த சந்துல குடியிருக்கற நாங்க மூக்கை பொத்திக்கறோம். பொம்பளைங்க நீர்மோரை வேண்டாம்னுட்டு நகர்ந்துடறாங்க. இவ்வளவு புண்ணியத்துக்கு நடுவுல தாகத்தோட நிக்கற பெரியம்மாக்களை பார்த்தா எங்களுக்கு சங்கடமா இருக்கு. சக்கரை வியாதிக்காரங்க, புள்ளத்தாச்சி பொண்ணுங்க, மாத்திரை போட்டுட்டு வர்றவங்க நிலைமை இன்னும் மோசம், அடக்கி வெச்சா என்ன ஆகும்னு டாக்டர்கிட்ட கேட்டா சொல்லுவாங்க.

கூட்டம் கலைஞ்சப்புறம் ராத்திரி முழுக்க தொன்னையும் பேப்பர் கப்பும் அள்ளற தூய்மை பணியாளர்களும் பெரும்பாலும் பொம்பளைங்கதான். பந்தோபஸ்துக்கு காலையிலேர்ந்து நிக்கற பெண் போலீசும் அப்படித்தான். எங்களுக்கு வசதி செஞ்சா அவங்களுக்கும் சேர்த்து செஞ்ச மாதிரி ஆயிடும்.

அதனால நாங்க கேக்கறது, மாநகராட்சிக்கிட்ட பெண்களுக்கான நடமாடும் டாய்லெட் வண்டி இருக்கே, அதுல சிலதை கொலு கடை நடக்கற நாள், ஜனவரி திருவிழா, தெப்பம், சிவராத்திரி ராத்திரி, தேர், அறுபத்துமூவர் நாளுக்கு இங்க அனுப்புங்க, ஆம்பளைங்களுக்கும் தனியா வைங்க, இல்லன்னா சந்து நாறறது நிக்காது. வண்டியை கொண்டாந்து நிறுத்தினா மட்டும் போதாது, தண்ணி தீர்ந்தா ரொப்ப ஆளு, கழுவ ஆளு, உள்ள லைட்டு, கதவுக்கு தாழ்ப்பா, நாப்கின் போட ஒரு கூடை, வீல்சேர் ஏற சரிவு இருக்கற ஒண்ணாவது. நிறுத்தற இடத்துக்கு எங்களுக்கு தோணுனது வடக்கு மாட வீதியில கிழக்கு பக்கம், தெற்கு மாட வீதியில காய்கறி கடை முடியற இடம், கச்சேரி ரோடு பக்கம். தேர் திரும்பற முனையில மட்டும் வேண்டாம், வடம் புடிக்கறவங்களுக்கு இடம் பத்தாது. உங்க இன்ஜினியர் ஒரு நாள் சாயங்காலம் வந்தா கூடவே நடந்து காட்டறோம். ஏற்கெனவே சுத்துவட்டாரத்துல இருக்கற பொது கழிப்பறைக்கு வழி காட்டி தமிழ்ல பெருசா அம்புக்குறி போர்டு வைங்க, வெளியூர்க்காரங்களுக்கு அது எங்க இருக்குன்னே தெரியாது, செலவும் பெருசா ஆகாது.

நடக்கற வழி பத்தி. திருமயிலை மெட்ரோ ஸ்டேஷன் வேலை நடக்குது, மாதவரத்துலேர்ந்து சிறுசேரி சிப்காட் போற லைனும் கலங்கரை விளக்கத்துலேர்ந்து பூந்தமல்லி போற லைனும் இங்க ஒண்ணுக்கு மேல ஒண்ணா சந்திக்குதுங்கறதால ரொம்ப ஆழமா தோண்டறாங்க, நல்ல விஷயம்தான், வந்தா எங்களுக்குத்தான் லாபம். ஆனா லஸ் பக்கமும் ஆர்.கே. மடம் ரோட்டுலயும் தடுப்பு போட்டு வழி குறுகி போச்சு, பழைய கணக்குல கூட்டத்தை விட்டா ஆபத்து. தேர், அறுபத்துமூவர் ரெண்டு நாளுக்கும் மெட்ரோகாரங்க, டிராஃபிக் போலீஸ், கோயில் ஆபீஸ், மின்வாரியம், நீங்க எல்லாரும் ஒரே மேஜையில உக்காந்து பேசி எந்த ரோடு உள்ள வர, எந்த ரோடு வெளிய போக, ஆம்புலன்ஸுக்கு எது காலியா இருக்கணும்னு முடிவு பண்ணி ஒரு வாரம் முன்னாடியே சொல்லிடுங்க. இப்போ பல தடவை அன்னிக்கு காலையில தடுப்பு போட்டப்புறம்தான் தெரியுது, டயாலிசிஸுக்கு ஆஸ்பத்திரி போக வேண்டியவங்க வீட்டு வாசல்ல ஆட்டோ வராம தவிக்கறாங்க.

கடைக்காரங்க விஷயமும் இதோட சேர்ந்ததுதான். விழா வர்றப்போ ரோட்டை க்ளீன் பண்றோம்னு பொம்மை கடை, பூ கடை, வளையல் கடையை தூக்கிடற வழக்கம் நிறைய ஊர்ல இருக்கு. இங்க அது வேண்டாம். நவராத்திரியில பொம்மை கடை இல்லாத வடக்கு மாட வீதிக்கு யாரு வரப்போறா, சொல்லுங்க. 2014 சட்டப்படி தெரு வியாபாரிகளுக்குன்னு நகர விற்பனைக் குழு இருக்கணும், அடையாள அட்டை தரணும், ஆனா சீசனுக்கு மட்டும் வர்றவங்க கையில அட்டை இருக்காது. அவங்களுக்கு தற்காலிகமா ஒரு டோக்கன், ரோட்டுல சுண்ணாம்பு கோடு, கோட்டுக்கு இந்த பக்கம் கடை, அந்த பக்கம் நடை, அவ்வளவுதான், கோடு தாண்டினா நாங்களே சண்டை போடுவோம், எங்களுக்கும் நடக்கணுமே. சில கடைக்காரங்களும் இந்த மனுவுல கையெழுத்து போட்டிருக்காங்க, சில பேர் பயந்துட்டு போடல, அதையும் சொல்லிடறோம்.

ஸ்பீக்கர் பத்தி எங்களுக்குள்ளயே ஒத்துப்போகல. ராத்திரி பத்து மணிக்கு மேல காலை ஆறு மணி வரைக்கும் கூடாதுன்னு விதி இருக்கு, அதை காப்பாத்துங்கன்னு ஒரு கோஷ்டி, வருஷத்துல நாலு நாள்தானே விடுங்கன்னு இன்னொரு கோஷ்டி, பரீட்சை சமயத்துல பங்குனி வர்றதால பிள்ளைங்க வெச்சிருக்கறவங்க முதல் கோஷ்டி. அதனால இதுல தனியா கோரிக்கை எதுவும் வைக்கல, விதிப்படி நீங்களே பார்த்துக்குங்க.

கடைசியா ஒரு காலண்டர். கோயில் விழா, சபா நிகழ்ச்சி, தெரு நிகழ்ச்சி, லஸ் சர்ச்சு, சாந்தோம் சர்ச்சு விழா எல்லாத்துக்கும் தேதி வாங்கி, எந்த நாள் எந்த ரோடு மூடும், டாய்லெட் வண்டி எங்க நிக்கும்னு தமிழ்ல ஒரே தாளா அடிச்சு வார்டு ஆபீஸ், ரேஷன் கடை, பஸ் ஸ்டாப், பூங்கா வாசல்ல ஒட்டுங்க. எல்லாரும் போன்ல பார்க்கறவங்க இல்ல. தேதி சேர்த்து குடுக்கற வேலையை நாங்க செய்யறோம், பஞ்சாங்கம் பார்க்க இங்க ஆளுக்கா பஞ்சம்.

டாய்லெட் வண்டி மட்டும் முதல்ல வேணும், மத்ததுக்கு டைம் எடுத்துக்குங்க. கொலு கடை போட ஆரம்பிக்கறதுக்குள்ள ஒரு பதில் கிடைச்சா, முடியாதுன்னாலும் எதனால முடியாதுன்னு எழுத்துல கிடைச்சா, அடுத்த ஏரியா சபை (வார்டுக்குள்ள ஜனங்க கூடி பேசற சபை) கூட்டத்துல வெச்சு பேச வசதியா இருக்கும்.

இப்படிக்கு,
மாட வீதி, பக்கத்து தெரு ஜனங்க

இணைப்பு: கையெழுத்து தாள், வண்டி நிறுத்த நாங்க பார்த்த இடத்தோட கை வரைபடம்
நகல்: மாமன்ற உறுப்பினர் அவர்கள், கோயில் செயல் அலுவலர் அவர்கள், போக்குவரத்து காவல் ஆய்வாளர் அவர்கள்