நிதி ஆலோசகரின் வருமானம் எங்கிருந்து வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேமிப்பு, முதலீடு குறித்து நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் "தகுந்த நிதி ஆலோசகரைக் கலந்து முடிவெடுங்கள்" என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன. பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் சேர்ந்தாற்போல் கைக்கு வரும் ஓய்வூதியருக்குத் தகுந்தவர் யார் என்பதே பெரிய கேள்வி. அந்த நேரத்தில் வீடு தேடி வருபவர்கள் எல்லோரும் தம்மை ஆலோசகர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, கட்டணம் பெற்று முதலீட்டு ஆலோசனை வழங்குபவர் செபியில் பதிவு செய்து, 'ஐஎன்ஏ' என்று தொடங்கும் எண்ணைப் பெற்றிருக்க வேண்டும். ஆலோசனை பெறும் அதே வாடிக்கையாளருக்குத் திட்டங்களை விற்றுக் கமிஷன் வாங்க அவருக்கு அனுமதியில்லை. 'ஏஆர்என்' எண் வைத்திருப்பவரோ மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். விநியோகஸ்தர் வழியாக வாங்கும் 'ரெகுலர்' திட்டத்தின் செலவுக் கணக்கிலிருந்து ஃபண்ட் நிறுவனம் தரும் கமிஷனே அவருடைய வருமானம். படிவம் நிரப்புவது முதல் நாமினி பெயரைச் சேர்ப்பது வரை ஓடியாடிச் செய்பவர் கூலி பெறுவதில் தவறில்லை. அதை இலவச ஆலோசனை என்று நாம் நம்பிவிடுவதில்தான் சிக்கல். 10 லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால் 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 67 லட்சமாகும். கமிஷன் செலவாக ஆண்டுக்கு ஒரு சதவீதம் கழிந்து 9 சதவீதமே வளர்ந்தால் 56 லட்சம்தான் மிஞ்சும்.

எனவே, ஆலோசகரிடம் முதலில் கேட்க வேண்டியது எந்தத் திட்டம் நல்லது என்பதையல்ல; தங்களுக்கு வருமானம் யாரிடமிருந்து வருகிறது என்பதையே. (இதைக் கேட்க நம்மவர்களுக்கு ஏனோ கூச்சம்.) அவர் தரும் பதிவு எண்ணைச் செபியின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். கட்டணம் மட்டுமே அவரிடம் செல்ல வேண்டும். முதலீட்டுத் தொகையைத் தம் கணக்கில் போடச் சொல்பவரையும், பங்குச் சந்தை சார்ந்த முதலீட்டில் மாதந்தோறும் இத்தனை சதவீதம் நிச்சயம் என்பவரையும் அந்த நொடியே விலக்கிவிடலாம். பதிவு எண் ஒருவரின் திறமைக்குச் சான்றாகாது என்பது உண்மையே; ஆயினும் அவர்மீது முறையிட 'ஸ்கோர்ஸ்' என்ற செபியின் இணையவழிப் புகார் தளமாவது உண்டு.

பத்திரிகைகளும் இதில் உதவ முடியும். முதலீட்டுக் கேள்வி-பதில் பகுதியில் எழுதுபவர் பதிவுபெற்ற ஆலோசகரா, விநியோகஸ்தரா, காப்பீட்டு முகவரா என்பதை அவர் பெயருக்குக் கீழே பதிவு எண்ணுடன் அச்சிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.