அளவுச் சட்டையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பருத்த உடல்வாகுள்ள பெண்கள் கந்தோருக்கு எப்படி உடுத்துவது என்று உங்கள் மகளிர் பக்கத்தில் வந்த குறிப்புகளைப் படித்தேன். கறுப்பும் கருநீலமும் உடுங்கள், பெரிய பூப் போட்டதைத் தொடாதீர்கள், எதையும் தொளதொளவென்று தைத்துப் போடுங்கள் என்பதுதான் அவற்றின் சாரம். கல்முனைப் பக்கத்தில் பல வருடங்கள் தையல் படிப்பித்துவிட்டு இப்போது பாண்டிருப்பில் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கிற நான் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியாது. அந்தக் குறிப்புகள் முழுக்க மறைப்பதைப் பற்றியே பேசுகின்றன. என்னிடம் வருகிற ஆசிரியைகளும் பிரதேச செயலகத்துப் பிள்ளைகளும் மறைக்கக் கேட்டு வருவதில்லை. காலையில் போட்ட சட்டை பின்னேரம் வரை இழுபடாமல், இறுக்காமல், கை தூக்கினால் மேலேறாமல் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். அப்படி அமைந்துவிட்டால் ஒருத்தி நிமிர்ந்து நிற்பாள். பார்ப்பவர் கண்ணுக்கும் அதுதான் அழகாகத் தெரியும்.

முதல் பிழை அளவெடுப்பதிலேயே தொடங்குகிறது. எங்கள் பகுதியில் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் கையில் ஒரு பழைய சட்டை இருக்கும். "டீச்சர், இதே அளவுதான், கொஞ்சம் லூசாத் தைச்சித் தாங்க." "இது எப்ப தைச்சது புள்ள?" என்று கேட்டால், "மூத்தவன் பிறக்க முதல்" என்று பதில் வரும். அந்தச் சட்டை பிரித்துப் பிரித்து விடப்பட்டு, கமக்கட்டில் இழுபட்டு, தன் வடிவத்தையே இழந்திருக்கும். அதை வைத்து வெட்டுகிற புதுச் சட்டையும் அதே குறைகளோடுதான் பிறக்கும். மெலிந்த உடம்புக்கு அளவுச் சட்டை ஓரளவு கைகொடுக்கலாம். பருத்த உடம்புக்குக் கொடுக்காது, ஏனென்றால் இரண்டு பேருக்கு மார்புச் சுற்று 46 அங்குலம் என்றாலும் ஒருத்திக்கு முன்பக்கம் கூடுதலாக இருக்கும், மற்றவளுக்கு முதுகு அகலமாக இருக்கும். ஆகவே டேப்பை எடுத்து மார்புக்கு மேலே ஒரு சுற்று, மார்பில் ஒரு சுற்று, மார்புக்குக் கீழே ஒரு சுற்று எடுக்க வேண்டும். தோளிலிருந்து மார்பு முனை வரை நீளம், மேற்கையின் பருமன் இவையும் வேண்டும். இடுப்பையும் தொடைச் சுற்றையும் நிற்க வைத்து ஒருமுறை, கதிரையில் இருத்தி ஒருமுறை எடுங்கள். நாள் முழுக்க மேசையில் இருந்து வேலை செய்கிற பெண்ணுக்கு நின்றபடி மட்டும் அளவெடுத்தால் போதாது.

தையல் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான விசயம் ஆம்ஹோல், அதாவது சட்டையில் கையைப் பொருத்துகிற வளைவு வெட்டு. கமக்கட்டில் இறுக்குது என்று சொன்னவுடன் ஆம்ஹோலைக் கீழே இறக்கி வெட்டிவிடுகிறார்கள். சும்மா நிற்கும்போது அது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் ஆசிரியை கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் கையோடு சேர்ந்து மேலேறிவிடும். ஆம்ஹோல் கமக்கட்டுக்குக் கிட்ட இருக்க வேண்டும், கூட்ட வேண்டியது சட்டைக் கையின் அகலத்தை. மேற்கைப் பருமனுக்கு மேல் இரண்டு அங்குலம் விட்டு, அதற்கேற்பக் கையின் மேல் வளைவையும் சரிசெய்து பொருத்தினால் கை தனியாக அசையும், சட்டை இருந்த இடத்தில் இருக்கும். கை முடிகிற இடத்தையும் பார்க்க வேண்டும். மேற்கை எங்கே மிகப் பருமனோ அங்கேயே கையை முடித்தால் கண் அங்கேதான் போய் நிற்கும். முழங்கைக்குச் சற்று மேலே இறக்கி முடியுங்கள். மார்பு கூடியவர்களுக்கு வளைவுக்காகப் பிடிக்கிற ஒற்றை மடிப்புத் தையல் (டாட்ஸ்) போதாது. மார்பு வழியாகக் கீழே வரை இறங்குகிற நீளத் தையலான பிரின்சஸ் கட் வைத்தால் துணி உடம்பின் வளைவோடு போகும், கொக்கிகளுக்கு நடுவே வாய் பிளக்காது. உள்ளே இரண்டு பக்கமும் ஒரு அங்குலத் துணியாவது விட்டுத் தையுங்கள். உடம்பு கூடும் குறையும். ஒவ்வொரு முறையும் புதுச் சட்டை தைக்க எல்லாருக்கும் வசதியில்லை.

இனிச் சேலை. எங்கள் பாடசாலைகளில் ஆசிரியைகளுக்குச் சேலைதான் வழக்கம். 2022 நவம்பரில் சில ஆசிரியைகள் வேறு உடையில் பாடசாலைக்குப் போனது நாடு முழுக்க வாக்குவாதமானதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வாக்குவாதத்தில் பண்பாட்டைப் பேசியவர்கள் பலர். எல்லாருக்கும் ஒரே நீளத்தில் வருகிற சேலை எல்லாருக்கும் எப்படிப் போதும் என்று கேட்டவரை நான் காணவில்லை. கடைச் சேலை ஏறக்குறைய ஐந்தரை மீற்றர். அது உடம்பை இரண்டு தரம் சுற்றுகிறது. 36 அங்குலச் சுற்றுள்ள ஒருத்தியை விட 50 அங்குலச் சுற்றுள்ளவளுக்கு ஒரு சுற்றுக்கு 14 அங்குலம், இரண்டு சுற்றுக்கு 28 அங்குலம் கூடப் போகிறது. ஒரு கொய்யகத்துக்கு, அதாவது முன்மடிப்புக்கு, பத்து அங்குலத் துணி என்று வைத்தால், கிட்டத்தட்ட மூன்று கொய்யகம் அவளுக்கு இல்லை. அதனால்தான் எட்டு வைத்து நடக்க முடியாமல், பஸ்ஸில் ஏற முடியாமல், முந்தானையும் கட்டையாகிப் போய்த் தவிக்கிறாள். அவளுக்குச் சேலை உடுக்கத் தெரியவில்லை என்று பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். துணி போதவில்லை என்பதுதான் உண்மை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. சேலையோடு வருகிற சட்டைத் துண்டு உள்முனையில் இருந்தால் அதை வெட்டாதீர்கள். அந்த 80 சென்ரிமீற்றர் சேலையிலேயே நிற்கட்டும், உள்ளே செருகிவிடலாம். எப்படியும் பெரிய அளவுக்கு, முழங்கை வரை கை வைத்துத் தைக்க அந்தத் துண்டு காணாது. சட்டைக்குப் பொருத்தமான நிறத்தில் ஒன்றேகால் மீற்றர் பருத்தித் துணி தனியாக வாங்குங்கள். செலவு கொஞ்சம் கூடும். ஆனால் ஒரு நல்ல சட்டையை நாலைந்து சேலைக்கு உடுக்கலாம்.

உள்பாவாடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சேலையின் பாரம் முழுவதையும் ஒரு மெல்லிய நாடா தாங்குகிறது. அது வருடக்கணக்காக ஒரே இடத்தில் இறுக்கினால் தோல் கறுத்துத் தடிக்கும், புண்ணும் வரலாம். நாடாவுக்குப் பதிலாக நாலு விரல் அகலத்தில் பட்டி வைத்து, பக்கத்தில் கொக்கி போட்டுத் தையுங்கள். மேலே ஒட்டி, கீழே விரிகிற ஆறு துண்டுப் பாவாடையாக இருந்தால் சேலையும் ஒழுங்காக விழும், காலும் தாராளமாக எட்டும்.

நிறத்தில் எனக்குச் சண்டை இல்லை. கறுப்பு பிடித்தவர்கள் உடுக்கட்டும். ஆனால் கச்சான் என்கிற வரண்ட காற்று வீசுகிற ஆனி ஆடியில் கறுப்பு நைலெக்ஸ் செயற்கைத் துணியைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் கந்தோருக்குப் போகச் சொல்வது அநியாயம். செயற்கை இழை வியர்வையை உறிஞ்சாது, உடம்போடு ஒட்டும், மறைக்க நினைத்ததையே காட்டும். மருதமுனைக் கைத்தறிப் பருத்திச் சேலை இந்த வெயிலுக்கு ஏற்றது. புதிதில் கஞ்சி விறைப்பில் விரிந்து நிற்கும் என்பதால் பலர் பயப்படுகிறார்கள். இரண்டு மூன்று தரம் அலசி உலர்த்தினால் இணங்கிவிடும். மஞ்சளோ மருதோன்றிப் பச்சையோ எதையும் உடுக்கலாம். கட்டையானவர்கள் மட்டும் அகலக் கரையைத் தவிர்த்து ஒடுக்கமான கரை எடுத்தால் உயரம் குறைந்து தெரியாது.

சல்வாருக்கும் அபாயாவுக்கும் இதே கணக்குத்தான். காத்தான்குடியிலோ கல்முனையிலோ ரெடிமேட் எடுக்கும்போது அளவு கூடக் கூட மார்போடு சேர்ந்து தோளும் கழுத்தும் அகலமாகிக்கொண்டே போகும், தோள் தையல் கையில் தொங்கும். உடம்பின் மிக அகலமான இடத்துக்குப் பொருந்துவதை எடுத்து, தோளைப் பிரித்துத் திருத்தத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சல்வார் டொப்பின் பக்க வெட்டு, இடுப்பின் அகலமான இடத்துக்கு மேலேயே தொடங்கட்டும்.

கடைக்காரர்களிடமும் ஒரு குறை உண்டு. உள்ளே வருகிறவளை ஏற இறங்கப் பார்த்து, "உங்கட சைஸ் இங்க இல்லக்கா" என்று மற்றவர்கள் கேட்கச் சொல்கிற பழக்கத்தை விடச் சொல்லி உங்கள் விற்பனைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வேலைக்குப் போய்ச் சம்பளம் எடுக்கிற பெண் அவள், உங்கள் வாடிக்கையாளர்.

மருதமுனை நெசவாளர்களிடம் ஒரு வேண்டுகோள். தறியின் அகலத்தை நினைத்தவுடன் மாற்ற முடியாது, ஆனால் நீளம் உங்கள் கையில் இருக்கிறது. நெய்த துணியை ஐந்தரை மீற்றரில் அறுப்பதற்குப் பதிலாக ஆறரை மீற்றரில் அறுத்து, கூடிய துணிக்கு உரிய விலை வைத்து, சட்டைத் துணியைத் தனியாக ஒன்றேகால் மீற்றரில் நெய்து விற்கலாம். வாங்குவதற்கு என் வாசலுக்கு வருகிற பெண்களே போதிய பேர் இருக்கிறார்கள். ஆசிரியர் அவர்களே, நெசவாளர் யாராவது முன்வந்தால் அந்தச் செய்தியை உங்கள் மகளிர் பக்கத்தில் போடுங்கள். அளவுகளை எழுதித் தர நான் ஆயத்தம்.

இப்படிக்கு,
தையல் ஆசிரியை ஒருவர்,
பாண்டிருப்பு, கல்முனை.